புள்ளிக் கணக்கு

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிறவன் யோசிப்பதற்காகப் போவதில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியில் தலையைக் கொடுப்பான். பசியெடுத்தால் தென்காசிக்குத் திரும்புவான். நானும் அப்படித்தான் போயிருந்தேன். தென்காசி நண்பர் ஒருவர் அந்த நிம்மதியைக் கெடுத்தார். அவருக்கு எச்.ஐ.வி. உண்டு. பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டுத் திடமாக இருக்கிறார்.

"ஆராய்ச்சிக்கு ரத்தம் கேக்காவ வே. எனக்கு ஒரு பிரயோசனமும் கிடையாதுன்னு அவியளே சொல்லிட்டாவ. குடுக்கலாமா?"

'கொடும்' என்று சொல்ல வாயெடுத்தேன். ஊசி குத்தப்போவது என் கையில் அல்ல. அதனால்தான் சொல் அத்தனை எளிதாக வந்தது.

அந்தச் சோதனை விந்தையானது. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களைப் பிரித்து, 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் இட்டு, கிருமியின் துணுக்குகளைக் காட்டுகிறார்கள். பழைய பகைவனை அடையாளம் கண்டுகொண்ட அணு இன்டர்ஃபெரான் என்ற பொருளைக் கக்குகிறது. அந்த இடத்தில் ஒரு புள்ளி விழுகிறது. பத்து லட்சம் அணுக்களுக்கு எத்தனை புள்ளி என்பதே கணக்கு. புள்ளி கூடினால் காப்பும் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படியில்லை. ஏராளமாகப் புள்ளி விழுகிறவர் உடம்பிலும் கிருமி கொழிக்கலாம். (மேடையில் வீரம் பேசும் சிலர் என் நினைவுக்கு வந்தார்கள்.) மருந்தே இல்லாமல் கிருமியை அடக்கி வைத்திருப்பவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அவர்களிடம் இருப்பது என்ன என்று அறிய, மற்றவர்களுடைய இரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும்.

நண்பருக்கு ஒரு பழைய கதை சொன்னேன். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, காப்பகத்தில் அடைபட்டிருந்த பெண்களிடம் இரத்தம் எடுத்தார். வேலூரில் அதைச் சோதித்தபோதுதான் இந்தியாவுக்குள் இந்தக் கிருமி வந்துவிட்டது தெரிந்தது. எதற்காக எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதைப் பிற்காலத்தில் நிர்மலாவே கூறியிருக்கிறார். ஒரு தேசமே விழித்துக்கொள்ள அந்த இரத்தம் உதவியது. அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியதோ 2004-ல். இடையில் பதினெட்டு ஆண்டுகள். நண்பர் விழுங்கும் மாத்திரையில் அந்தப் பெண்களுக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பங்கை அவர்கள் கொடுத்தார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எடுத்துக்கொள்ளப்பட்டது.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "என்னைக் கேட்டுல்லா எடுக்காவ. குடுத்திருதேன். ஆனா எனக்கு எத்தனை புள்ளின்னு சொல்லணும்னு கேப்பேன்" என்றார்.

அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு உமக்கு ஆவது ஒன்றுமில்லையே என்றேன்.

"இருக்கட்டும் வே. என் ரத்தம்லா?"