உண்மை வரும் வழி

காரின் எஞ்சினில் உள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை உண்டு. பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. கிராங்க் ஷாப்ட் சுழல்கிறது. பம்ப் எண்ணெயை இறைக்கிறது. இவற்றுக்கு நடுவே ஒரு மெல்லிய இரும்புக் குழாய் இருக்கிறது. அது எதையும் இயக்குவதில்லை; எதையும் தாங்குவதில்லை. அதற்குள் செருகியிருக்கும் கம்பியை உருவிப் பார்த்தால் அடியிலுள்ள சேம்பரில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று தெரியும். அவ்வளவுதான். கம்பியைப் பட்டறைக்காரர்கள் டிப் ஸ்டிக் என்பார்கள். குழாய்க்கென்று தனிப் பெயர் கூடக் கிடையாது. டிப் ஸ்டிக் பைப் என்று கம்பியின் பெயரோடு சேர்த்துத்தான் அதை அழைக்கிறார்கள்.

இந்தக் குழாய் உடைந்துவிட்டால் அது எஞ்சினுக்கு வந்த பழுதா, இல்லையா?

அற்பமான கேள்விதான். ஆனால் சில அற்பமான கேள்விகளுக்குள் பெரிய கேள்விகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில், உண்மையைச் சொல்லும் பகுதி மட்டும் முறிந்துபோனால், அதைப் பழுது என்று சொல்லலாமா? எஞ்சினுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் அரசாங்கத்துக்கும் கேட்க வேண்டிய கேள்வி இது.

என் சிநேகிதர் ஒருவரிடம் முப்பது வயதான ஒரு சின்னக் கார் இருக்கிறது. எண்ணெய் பார்ப்பதற்காக ஒரு நாள் கம்பியை இழுத்தார். குழாயும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது. பிளாக்கில் அது நுழையும் வாயருகே துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது. மேலே அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய போல்ட் எப்போதோ கழன்று விழுந்துவிட்டதால், வருஷக்கணக்காக அதிர்ந்து அதிர்ந்து, முறிவதற்கு ஒரு நல்ல நாளைப் பார்த்துக்கொண்டிருந்தது போலும்! முதலில் பார்த்த மெக்கானிக் சுலபமான வழி சொன்னார்: "ஒரு ரப்பர் கார்க்கை அடிச்சு அடைச்சிடலாம் சார். வண்டி ஓடுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

சிநேகிதருக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. அவர் தர்க்கம் தெரிந்தவர். "நான் பார்ப்பதால் எண்ணெய் கூடுமா? பார்க்காததால் குறையுமா? இருப்பது இருக்கத்தானே போகிறது?" என்று கேட்டார்.

எண்ணெயைப் பொறுத்தவரையில் அது சரிதான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுவதில்லை. திறந்துகொண்டால் விடிந்துவிடுவதும் இல்லை. ஆனால் எண்ணெய்க்குத் தன் குறையைத் தானே தீர்த்துக்கொள்ளத் தெரியாது. தீர்க்க வேண்டியவன் மனிதன். அவன் அறிந்தால்தான் ஊற்றுவான். ஆகவே அந்தக் குழாய் எஞ்சினுக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் ஆபரணமன்று. மனிதனுடைய கவனம் எஞ்சினுக்குள் இறங்குகிற வழி. அதை அடைத்துவிட்டால் எஞ்சின் இன்று ஓடும், நாளையும் ஓடும். பேரிங்குகளுக்கும் ஷாப்டுக்கும் இடையே மெல்லிய ஏடாக எண்ணெய் நிற்கிறதே, அது அறுந்துபோகும் நாளில்தான் நிற்கும்.

"அதற்குத்தான் சிவப்பு விளக்கு இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். பழைய கார்களில் அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை; எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட்டதைக் காட்டுகிறது. அதாவது, ஆபத்து வரப்போகிறது என்று அது சொல்லாது. வந்துவிட்டது என்று சொல்லும். நம்மில் பலர் விளக்கை நம்பித்தான் வாழ்கிறோம். உடம்பாகட்டும், உறவாகட்டும், சிவப்பு எரியும் வரை எல்லாம் சௌக்கியம் என்றே எண்ணுகிறோம்.

ராஜ்யங்களிலும் இந்தக் குழாய் உண்டு. 1628-ஆம் ஆண்டு ஸ்வீடன் தேசத்தில் வாசா என்ற மாபெரும் போர்க்கப்பலைக் கட்டினார்கள். அது புறப்படுமுன், துறையில் கட்டியிருந்த நிலையிலேயே அதன் உறுதியைச் சோதித்தார்கள். முப்பது மாலுமிகள் மேல்தளத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சேர்ந்தாற்போல் ஓடினார்கள். மூன்று முறை ஓடுவதற்குள் கப்பல் கவிழ்ந்துவிடும் போல ஆடியதால் சோதனையை நிறுத்திவிட்டார்கள். அளவு பார்த்தாயிற்று, குறை தெரிந்தாயிற்று. ஆனால் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் வெளியே போர்முனையில் இருந்தார்; கப்பல் வேண்டும் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். புறப்பாடு நிற்கவில்லை. ஆகஸ்ட் 10-ஆம் தேதி, ஸ்டாக்ஹோம் துறைமுகத்துக்குள்ளேயே, சுமார் 1,300 மீட்டர் போவதற்குள், ஒரு காற்றடித்துக் கப்பல் சாய்ந்து மூழ்கியது. ஏறக்குறைய முப்பது பேர் மாண்டார்கள். 333 வருஷங்கள் கழித்து, 1961-இல் அதை வெளியே எடுத்தார்கள். இன்று அது ஒரு காட்சிசாலையில் நிற்கிறது. அந்தக் கப்பலில் கம்பி உடையவில்லை. கம்பி சரியாகத்தான் காட்டியது. காட்டியதை மேலே கொண்டுபோகும் குழாய்தான் இல்லை.

சிநேகிதர் கடைசியில் கார்க்கை விட்டுவிட்டு ஒரு வயதான மேஸ்திரியிடம் போனார். கூடவே நானும் போயிருந்தேன். பிளாக்குக்குள் சிக்கிக்கொண்ட துண்டை எடுப்பதுதான் முதல் வேலை. டிரில் போட்டுக் குடைந்தால் கால் மணியில் முடிந்துவிடும். ஆனால் இரும்புத் தூள் உள்ளே சேம்பரில் விழும். எண்ணெயைப் பம்ப் உறிஞ்சும்போது சல்லடை பெரிய தூளைத்தான் தடுக்கும். பொடித்தூள் பம்புக்குள் போய்ப் பற்களைத் தேய்த்த பிறகே பில்டருக்கு வரும். மேஸ்திரி டேப்பின் பல்லிடுக்கு நிறையக் கிரீஸைத் தடவினார். தூள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும்படி, ஒரு சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே என்று மெள்ளத் திருகினார். வெளியே எடுத்துத் துடைத்தார். மறுபடியும் கிரீஸ், மறுபடியும் திருகல். மரை நன்றாகப் பிடித்ததும் துண்டை மேலே இழுத்துவிட்டார். பிறகு, எதற்கும் இருக்கட்டுமென்று சேம்பரையும் கழற்றிக் கழுவினார்.

"இவ்வளவு எதற்கு? உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றேன்.

"யாரும் பார்க்கமாட்டாங்க சார். அதனாலதான்" என்றார்.

புதுக் குழாயை வைத்து இறுக்குவதற்கு அவர் ஒரு பசையை எடுத்தார். காற்றுப் படும் வரையில் திரவமாகவே இருக்கும்; இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே, காற்றில்லாத இடுக்கில் போனதும் கல்லாக இறுகிவிடும். அமெரிக்காவில் வெர்னன் க்ரீபிள் என்ற ரசாயனப் பேராசிரியர் 1953-இல் உருவாக்கியது அது. வெளிச்சத்தில் நெகிழ்ந்து கிடந்து, கண் படாத இடத்தில் உறுதியாக நிற்கும் பொருள்! மனிதர்களில் பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாக அல்லவா இருக்கிறோம்?

குழாயை அடித்து இறக்கும்போதுதான் எனக்கு முக்கியமான பாடம் கிடைத்தது. கம்பியின் தலை குழாயின் வாயில் போய் உட்காருகிறது. ஆகவே குழாய் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதைப் பொறுத்தே கம்பி எவ்வளவு ஆழம் போகும் என்பது. குழாய் அரை அங்குலம் கூடுதலாக இறங்கிவிட்டால் கம்பியும் அரை அங்குலம் கூடுதலாக எண்ணெயில் முழுகும்; இல்லாத எண்ணெயை இருப்பதாகக் காட்டும். அரை அங்குலம் உயர்ந்து நின்றாலோ, இருக்கும் எண்ணெயை இல்லை என்று சொல்லும். அதை நம்பி மேலும் மேலும் ஊற்றினால், சுழலும் ஷாப்ட் அந்த எண்ணெயை மத்தால் மோரைக் கடைவது போலக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்குப் பாரம் தாங்கும் சக்தி கிடையாது.

குழாயே இல்லாதவன் பயந்துகொண்டாவது இருப்பான். பொய் சொல்லும் குழாயை வைத்திருப்பவன் நிம்மதியாகத் தூங்குவான். அந்த நிம்மதிதான் ஆபத்து.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தார். ஜவுளிக் கடை வைத்திருந்தவர், நல்லவர், கோபக்காரர். நஷ்டக் கணக்கைக் கொண்டுவந்த மூத்த மகனை ஒரு நாள் வேலையாட்கள் முன்னிலையில் திட்டிவிட்டார். அன்று முறிந்தது குழாய். அதற்குப் பிறகு மகன் எதுவும் சொல்வதில்லை. சில மாதங்களில் பெரியவருக்கே வருத்தம் வந்து, "என்னப்பா, கடை எப்படி இருக்கு?" என்று அன்பாகக் கேட்கத் தொடங்கினார். "நல்லா இருக்குப்பா" என்பான் மகன். அப்பாவின் முகம் மலரும். உடைந்த குழாயைத் திரும்பப் பொருத்திவிட்டதாக அவர் நினைத்தார். பொருத்தியது உண்மைதான், கொஞ்சம் ஆழமாகப் பொருத்திவிட்டார். கடை மூடப்பட்ட அன்று அவரைப்போல் ஆச்சரியப்பட்டவர் அந்தத் தெருவில் யாருமில்லை.

அப்படியானால், பொருத்திய குழாய் உண்மை சொல்கிறதா என்று எப்படி அறிவது? மேஸ்திரி அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். புதுப் பில்டரை மாட்டி, கார்க் கம்பெனி புத்தகத்தில் குறித்திருந்த அளவு எண்ணெயை அளந்து ஊற்றினார். எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு நிறுத்தி, சமதளத்தில் சற்று நேரம் காத்திருந்து, கம்பியை விட்டு எடுத்துப் பார்த்தார். மேல் கோட்டில் எண்ணெய் நிற்கிறதா? நின்றது. நிற்காவிட்டால் கோட்டை அழித்துவிட்டு, எண்ணெய் நிற்கும் இடத்தில் புதுக் கோடு கீற வேண்டும் என்றார். கம்பியைக் கொண்டு எண்ணெயை அளப்பதற்கு முன்னால், தெரிந்த எண்ணெயைக் கொண்டு கம்பியை அளந்தாக வேண்டும்.

மனிதர்களிடத்தில் தெரிந்த அளவு எது? நமக்கு முன்பே தெரிந்த ஒரு கசப்பான விஷயம்தான். அதை நம் பிள்ளையோ, மனைவியோ, நம்மிடம் வேலை செய்பவரோ வாய்திறந்து நம்மிடம் சொல்கிறாரா? சொன்னால் நம் முகம் எப்படி மாறுகிறது? இந்தச் சோதனையில் அளக்கப்படுகிறவர் சொல்பவர் அல்லர், கேட்பவர். குழாய் சொல்பவர் வாயில் இல்லை. நம் காதில் இருக்கிறது. அது கோணியிருந்தால், எதிரே இருப்பவர் அரிச்சந்திரனாகவே இருந்தாலும் நமக்கு வந்துசேருவது பொய்தான்.

ஆகவே அந்தக் குழாய் முறிந்தால் அது பழுதுதான் என்பது என் கட்சி. எஞ்சின் அன்றைக்கு எவ்வளவு அழகாக ஓடினாலும் சரி.