திருக்கோலம் தைப்பாரின் கடன்

உடுக்கும் உடை உடம்பை மறைப்பதற்கு என்பது உலகியல். திருக்கோயிலைச் சார்ந்த உடையோ ஒன்றைக் காட்டுவதற்காக அமைந்தது. இன்னார் இன்ன பேற்றை விரும்பி நிற்கிறார் என்பதைக் கண்ட மாத்திரத்தில் உணர்த்துவதே கோலம். ஆடிப்பூரத்தன்று ஒருபுறம் சாய்ந்த கொண்டையும் கையில் கிளியுமாக ஒரு சிறுமி வந்து நின்றால், ‘கோதை நாச்சியார்’ என்று எவரும் சொல்லிக்கொடாமலே முதியோர் கைகூப்புகின்றனர். அரையர் சுவாமி கூம்பிய குல்லாயைச் சிரத்தில் தரித்துத் தாளத்தைக் கையில் ஏந்திய அளவிலேயே கூட்டம் அடங்கிவிடுகிறது.

இத்தகைய பழங்கோலங்களைத் தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் ஆர்வம் இன்று பலரிடம் காணப்படுகிறது. கோயில் தூண்களிலுள்ள சிற்பங்களைப் பார்த்து மடிப்புகளை எண்ணுவோரும், பாட்டிமார் பெட்டியிலுள்ள பழைய ரவிக்கையின் தையலை ஆராய்வோரும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கங்களில் மட்டுமன்றி, தமிழர் வாழும் இடமெல்லாம் இருக்கின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இதனுள் ஓர் அறவினா ஒளிந்திருக்கிறது. பழைய காலத்து உடையைப் புதிதாகத் தைப்பவர் மெய்யைச் செய்கிறாரா? அல்லது மெய்போல் தோன்றும் ஒன்றைச் செய்து காண்பாரை மயக்குகிறாரா?

‘வேடம்’ என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இருவகைப் பொருள் வழங்குதலை நோக்குக. ‘வேடதாரி’ என்றால் வசை. ‘திருவேடம்’ என்றால் வணக்கத்திற்கு உரியது. உள்ளே இல்லாததைப் புறத்தே காட்டுவது முன்னது. உள்ளே வரவேண்டியதைப் புறத்தே அழைத்து வைப்பது பின்னது. பிறரை ஏமாற்றவா, தன்னைத் திருத்திக்கொள்ளவா என்னும் நோக்கத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. கோதையே தன்னை ஆய்ப்பாடிச் சிறுமியருள் ஒருத்தியாகப் பாவித்துக்கொண்டு அன்றோ திருப்பாவை முப்பதையும் அருளிச்செய்தாள்! வில்லிபுத்தூரே அவளுக்கு ஆய்ப்பாடி ஆயிற்று. ஆகவே வேடம் என்பதனாலேயே ஒன்று பொய்யாகிவிடாது.

தையல் நமக்கு அயலார் தந்த கலை என்று கருதுவோர் உளர். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளர் வரிசையில் துன்னகாரரைக் குறிப்பிடுகிறது. துன்னம் என்பது தையலின் பழம்பெயர். கஞ்சுகம் என்னும் சட்டை அணிந்தவர்களும் அக்காப்பியத்தில் வருகின்றனர். எனினும் பெரும்பாலும் வெட்டாத, தைக்காத ஆடையே இந்நாட்டாரின் வழக்கம் என்பதும், தைத்த உடை அரசவைச் சிறப்பாகப் பிற்காலத்தில் பெருகிற்று என்பதும் உண்மை.

ஆமுக்தமால்யதா என்னும் தெலுங்குக் காவியத்தால் விஷ்ணுசித்தரையும் சூடிக்கொடுத்த நாச்சியாரையும் போற்றிய கிருஷ்ணதேவராயர், 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்டவர். தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்கும் அவருடைய உலோகத் திருவுருவம் திருமலையில் இன்றும் உள்ளது. அதன் தலையில் இருப்பது மணிமகுடமன்று. உயர்ந்து கூம்பிய குல்லாய். 1520ஐ ஒட்டி அவரைக் கண்ட போர்த்துகீசிய யாத்திரிகர் பயஸ் என்பார், மன்னர் ஜரிகைக் குல்லாயும் வெறுங்காலுமாக இருந்ததாக எழுதி வைத்தார். ‘குல்லாய்’ என்னும் சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. வேற்று நாட்டுப் பெயரும் வடிவும் கொண்ட ஓர் அணி பரம பாகவதரான மன்னரின் தலையில் ஏறிற்று. அது எவர் பக்தியையும் குறைத்துவிடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ரங்கமன்னார் மணவாளக் கோலத்தில், பிற தலங்களில் காண்பதற்கரிய வகையில், தைத்த கால்சட்டையும் மேற்சட்டையும் சாத்திக்கொண்டு சேவை சாதிப்பதும் அன்பர்கள் அறிந்ததே. திருவரங்கத்தில் நம்பெருமாள் துலுக்க நாச்சியார் பொருட்டுக் கைலி சாத்திக்கொள்ளும் வழக்கமும் உண்டு. வந்தது எங்கிருந்து என்று எம்பெருமான் கேட்பதில்லை. கொண்டுவந்தது எது என்பதையே நோக்குகிறான்.

இவ்வளவு இடம் தந்தபின், தைப்பவர் எப்படியும் தைக்கலாம் என்று ஆகிவிடுமோ எனின், ஆகாது. அவருக்கு மூன்று கடன்கள் உண்டு.

முதற்கடன் வாய்மை. நாம் பழமை என்று நம்புபவற்றுள் பல அவ்வளவு பழமையானவை அல்ல. இன்று பரதநாட்டிய மேடையில் காணும் விசிறி மடிப்பு வைத்துத் தைத்த உடையை ஆயிரமாண்டுப் பழமையுடையது என்று கருதுவோர் பலர். ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் முதன்முதல் ஆடியபோதும், அதன்பின் கலாக்ஷேத்திரத்திலும், சிற்பங்களை நோக்கி ஆராய்ந்து திருத்தியமைத்த உடையணிகளே அதற்குப் பெரிதும் வழிகாட்டின. அவ்வாறே லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் நாம் மனக்கண்ணில் காணும் புடவைக்கட்டு, 1848 முதல் 1906 வரை வாழ்ந்த ரவிவர்மாவின் ஓவியங்களும் அவற்றின் அச்சுப்படங்களும் பரப்பியது. இவை இழிந்தவை அல்ல, அழகியவை, பயனுள்ளவை. ஆனால் அவற்றைத் தைத்துக் கொடுப்பவர், “இதுவே ஆழ்வார் காலத்து உடை” என்று சொல்லிக் கொடுத்தால் அது பிழை. இவ்வளவு சிற்பத்திலிருந்து எடுத்தது, இவ்வளவு பிற்கால வழக்கு, இவ்வளவு என் ஊகம் என்று பிரித்துச் சொல்லும் நேர்மையே பழங்கோலம் தைப்பவரை வேடதாரியினின்றும் வேறுபடுத்துகிறது. தையல் எவ்வளவு செம்மையாயிருப்பினும், அதனோடு சேர்த்துக் கொடுக்கும் சொல் பொய்யாயின் உடையும் பொய்யாகிவிடும்.

இரண்டாங்கடன் காத்தல். இங்கே ஓர் உண்மையான இக்கட்டு இருக்கிறது. பழைய தையலைக் கற்க நேர்வழி, பழைய உடை ஒன்றை இழை இழையாகப் பிரித்துப் பார்ப்பதே. எங்கே ஓட்டுத்தையல், எங்கே மடித்துத் தைத்தது, அக்குளில் வைத்த சிறு துண்டு என்ன வடிவம் என்பன அப்பொழுது தெளிவாகும். ஆனால் பிரித்தபின் அவ்வுடை இல்லை. மூன்று தலைமுறையாகப் பெட்டியில் இருந்த கல்யாண ரவிக்கையைப் பிரித்தவள் ஒரு கலையைப் பெற்றாள். ஒரு பொருளை இழந்தாள். தனக்குப் பின் வருவோர் தானே கண்டறியும் வாய்ப்பையும் அழித்தாள்.

பூர்வாசாரியர்கள் பாசுரங்களைப் பதம் பதமாகப் பிரித்து வியாக்கியானம் அருளினார்கள். பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் உரை கண்டார். சொல்லைப் பிரிப்பதால் பாசுரம் குறைவதில்லை. எத்தனை முறை பிரித்தாலும் முழுமையாகவே நிற்கிறது. துணிக்கு அந்தப் பேறு இல்லை. எனவே துணியை ஆராய்பவர்க்கு உரையாசிரியரினும் மிகுந்த அடக்கம் வேண்டும். பிரிக்காமலே உள்புறத்தைத் திருப்பிப் பார்த்துத் தையல்களை எண்ணலாம். அளவுகளைக் குறித்துக்கொண்டு முதலில் காடாத்துணியில் வெட்டிப் பார்க்கலாம். நூற்பாலைகள் நிறைந்த இராஜபாளையத்துக்கும், காயம் கட்டும் துணிக்குப் பெயர்பெற்ற சத்திரப்பட்டிக்கும் நடுவில் இருப்போர்க்கு எளிய பருத்தித் துணிக்குப் பஞ்சமில்லை.

எடுத்துக்காட்டாகக் கூம்புக் குல்லாய் ஒன்றை நாடக மேடைக்குத் தைக்க விரும்புவோர் பழையது எதையும் பிரிக்க வேண்டுவதில்லை. தலைச்சுற்று 21 அங்குலம் என்று கொள்வோம். துணியை அரைவட்டமாக வெட்டிச் சுருட்டினால் ஆரம் ஏறத்தாழ 6¾ அங்குலம் போதும்; குல்லாய் குட்டையாக அமையும். கால்வட்டமாக வெட்டினால் ஆரம் ஏறத்தாழ 13½ அங்குலம் வேண்டும்; அரசர் சிலையிற் காண்பதுபோல் உயர்ந்து நிற்கும். தையலுக்கு விடும் துணி இவ்வளவுகளுக்குப் புறம்பு. கூம்பின் சில இடங்களில் இழை குறுக்காக ஓடுவதால் துணி இழுபட்டுத் தொய்யும். ஆதலின் உள்ளே விறைப்பான துணி ஒன்றை வைத்துத் தைக்க வேண்டும். இவையெல்லாம் கணக்காலும் பொறுமையாலும் விளங்குவன. அறிவுக்கு அழிவு கட்டாயமன்று என்பதற்கு இதுவே சான்று. அரையர் சுவாமி தரிக்கும் குல்லாயோ நாதமுனிகள் வகுத்த சேவையின் சின்னம். அது அக்கைங்கரியத்துக்கு உரிமையுடையோர்க்கே உரியது. தைக்கத் தெரியும் என்பதனால் தரிக்கும் தகுதி வந்துவிடாது என்பதை உணர்வதும் காத்தலின் ஒரு பகுதியே.

மூன்றாங்கடன் அன்பு. இங்கேதான் மிகக் கடினமான தடை எழுகிறது. “நீர் மரபு மரபு என்கிறீர். ஆண்டாள் மரபை மீறியவள் அல்லவா? எம்பெருமானுக்கு என்று கட்டிய மாலையை முன்னதாகத் தான் சூடிக்கொள்வது எந்த ஆசாரத்தில் உண்டு? பெரியாழ்வாரே வெகுண்டு அதை விலக்கினாரே! அவள் கோலத்தைத் தைக்கும்போது மட்டும் மரபைக் கடவாதே என்பது எங்ஙனம் பொருந்தும்?” என்று ஒருவர் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. விடை அவள் செயலிலேயே இருக்கிறது. கோதை மாலையைச் சூடியது தன் உழைப்பைக் குறைத்துக்கொள்வதற்காக அன்று. அவனுக்கு இது தகுமோ, அவனுக்குத் தான் தகுமோ என்று பார்ப்பதற்காக. ஒரு வேலையை எளிதில் முடித்துவிடப் பிறந்த மீறல் அன்று அது. அவ்வேலையில் தன்னையே சேர்த்துவிடப் பிறந்த மீறல். ஆதலால்தான் அவள் சூடிக் களைந்த மாலையே உகந்தது என்று பெருமான் திருவுள்ளம் பற்றினான். இன்றும் புரட்டாசிப் பிரம்மோற்சவத்தில் கருடசேவைக்காக அவள் மாலை திருமலைக்குச் செல்கிறது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்காக மதுரைக்கும் செல்கிறது. ஒருநாள் விலக்கப்பட்டதே மரபாயிற்று. ஆகவே மாற்றம் கூடுமா என்பதன்று கேள்வி. அம்மாற்றத்தைப் பெற்றது அன்பா, சோம்பலா என்பதே கேள்வி.

இவ்வுரைகல்லில் சிலவற்றை உரைத்துப் பார்ப்போம். பட்டு வாங்க இயலாத தாய், தன் பழைய நூற்புடவையை வெட்டி மகளுக்குக் கோதை கோலம் தைக்கிறாள். இது குறையன்று, அவள் கொடுத்தது தன்னிடம் இருந்ததில் நல்லது. நான்கு வயதுக் குழந்தை வெயிலில் வாடாதிருக்க, கொசுவத்தை முன்னரே தைத்து இடுப்பில் எலாஸ்டிக் நாடா வைக்கிறார் ஒருவர். பழமைக்கு அது பொருந்தாதுதான், குழந்தையின்மேல் வைத்த இரக்கத்தால் பிறந்தது, ஆதலின் ஏற்கத்தக்கது. வெளிப்புறத்தில் ஜரிகை மின்ன, உட்புறத்தில் வெட்டிய ஓரம் மடிக்கப்படாமல் நூல் பிரிந்து தொங்க, இரண்டு மணி நேரத்தில் கிழியும் உடையை முழு விலைக்குக் கொடுக்கிறார் இன்னொருவர். அதன் வடிவம் சிற்பத்தோடு அணுவளவும் மாறாதிருப்பினும் அது பொய்க்கோலமே. ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்திக் கொண்டுவந்த தாயின் நம்பிக்கை அங்கே கிழிகிறது. காணாத உட்புறத்தையும் கண்ட வெளிப்புறம்போல் தைப்பவரே, உள்ளுறைபவன் ஒருவன் உளன் என்று உண்மையாக நம்புகிறவர்.

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பழையதைப்போல் புதிதாகச் செய்வது பொய்யா? ஆண்டாளின் இடக்கரத்திலுள்ள கிளியை நோக்குக. மாதுளம்பூவால் அலகும், மரவள்ளி இலையால் உடலும், காக்காய்ப்பொன்னால் கண்ணும் அமைத்து, வாழைநாரால் கட்டி அது நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. நேற்றைய கிளி இன்று இல்லை. இன்றைய கிளி நாளை இராது. ஆயினும் அதனைப் ‘போலி’ என்று எவரேனும் சொல்வரோ? பழமை அந்த இலையில் இல்லை. தலைமுறை தலைமுறையாக அதனைக் கட்டும் கையில் இருக்கிறது. வாடிப் போவதற்கென்றே இத்தனை கவனத்துடன் ஒன்றைச் செய்யும் அந்தக் கைங்கரியமே நமக்குக் கைமாறி வந்த செல்வம்.

துணியும் இலையைவிடச் சில ஆண்டுகளே மிகுதியாக வாழ்வது. பெட்டியிலுள்ள பழம்பட்டு என்றேனும் இற்றுப்போகும். அதன் மடிப்பு எப்படி வைத்தது, ஓரம் எப்படி மடித்தது என்பதை ஒரு சிறுமியின் விரல்கள் கற்றுக்கொண்டிருந்தால் அக்கோலம் இறக்கவில்லை. வாய்மையோடு அறிவித்து, பழையதை அழியாது காத்து, அன்பினால் தைக்கப்படும் புதிய உடை பழைய உடையின் பிரதியன்று, அதன் தொடர்ச்சி.

ஊசியைக் கையில் எடுக்கும் பெண்மணிகளும் ஆடவரும் இம்மூன்று கடன்களையும் மனத்தில் இருத்துவார்களாக. வரும் ஆடிப்பூரத்தில் நம் வீட்டுக் குழந்தைகள் உடுக்கும் கோலங்கள் உள்ளும் புறமும் ஒத்த தையலாக அமைய, மாலையோடு தன் மனத்தையும் கட்டித் தந்த கோதை நாச்சியார் அருள்புரிவாளாக.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.