யார் செய்த பாவம்?

காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் இல்லமொன்றினுள் நுழையும்போது நம் கண்ணில் முதலில் படுவது பட்டின் ஒளி. நெய்பவரின் உடல் அன்று. குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்திருப்பவரின் கையும் காலும் ஓயாது இயங்குகின்றன. உடலோ நெடுநேரம் இருந்த இடம்விட்டுப் பெயர்வதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவருடைய வயிறு பருத்து, நீரிழிவும் வந்துவிட்டால், "வாயைக் கட்டவில்லை" என்று எளிதாகத் தீர்ப்பிட்டு விடுகிறோம். அது நீதிதானா?

இந்நிலையை மருத்துவர்கள் வளர்சிதை மாற்றக் கோளாறுகளின் தொகுப்பு என்கின்றனர். 1988-இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் இதன் உட்தொடர்பை விளக்கினார். அளவு மிஞ்சிய இடுப்புச் சுற்றளவு (நம்மவரில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.), 130/85-ஐ எட்டும் இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் 100 மி.கி.-ஐ எட்டும் சர்க்கரை, மிகுந்த டிரைகிளிசரைடு, குறைந்த நல்ல கொழுப்பு ஆகிய ஐந்தில் மூன்று சேர்ந்தால் இது உண்டு எனக் கொள்வர். இன்சுலினின் கட்டளைக்கு உடல் சரிவரப் பணியாமையே இதன் முக்கிய வேர். வலி தராமலே வளர்ந்து, நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இது வழிதிறக்கிறது.

பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், பாவம் அவருடையதா, அவர் பெற்றோருடையதா என ஆண்டவரிடம் கேட்டனர். நாமும் அதையே கேட்கிறோம்: உணவுப் பழக்கமா, பரம்பரையா? இரண்டுக்கும் பங்குண்டு. கருவில் போதிய ஊட்டம் பெறாத குழந்தை பிற்காலத்தில் நீரிழிவுக்கு எளிதில் ஆளாகிறது என்றும் ஆய்வுகள் கூறுகின்றன. நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பேரும் பெருந்தீனிக்காரர்களா?

பெருந்தீனியைத் தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்றாகத் திருச்சபை எண்ணுவது உண்மையே. ஆனால் ஒருவரின் இடுப்பளவைக் கொண்டு அவருடைய ஆன்மாவை அளக்கும் உரிமை நமக்கில்லை. சீடர்களின் கேள்விக்குக் குற்றவாளி எவரையும் ஆண்டவர் சுட்டவில்லை. சேறு உண்டாக்கி அவருடைய கண்களில் பூசினார். சிலோவாம் குளத்துக்குச் சென்று கழுவும் பொறுப்பையோ அம்மனிதரிடமே ஒப்படைத்தார்.

இதுவே நமக்கும் வழி. நாள்தோறும் நடப்பதும், உணவில் அளவு காப்பதும், மருந்தைத் தவறவிடாமையும் நோயுற்றவரின் பங்கு. ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய வளாகத்தில் இரத்த அழுத்தமும் இடுப்பளவும் பார்க்க ஏற்பாடு செய்வதும், திருவிழா விருந்தில் இனிப்பை வற்புறுத்தாமையும் பங்குச் சமூகத்தின் கடமை. மணநாளில் பட்டுடுத்தும் நமக்கும் ஒரு பங்குண்டு: நெய்தவர் சற்றே எழுந்து நடப்பதற்கும் நேரம் தருகிற கூலியை மனமுவந்து அளிப்பது. பாவம் யாருடையது என்ற கேள்வியை விடுத்து, பொறுப்பில் நம் பங்கு யாது எனக் கேட்கத் தொடங்குவோம்.