குறை எங்கே இருக்கிறது? பழைய சொகுசுக் காரும் அளவையியலும்

பழைய சொகுசுக் கார் ஒன்றின் உரிமையாளர் பட்டறைக்கு வந்து, அதன் சஸ்பென்ஷன், அதாவது சாலையின் மேடுபள்ளங்கள் பயணியைத் தாக்காதவாறு சக்கரங்களுக்கும் உடற்பகுதிக்கும் இடையே நின்று தாங்கும் அமைப்பு, சரியாக இல்லை என முறையிடும்போது, பொறியியல் சிக்கலோடு மெய்யியல் சிக்கல் ஒன்றும் எழுகிறது. ஒருவருடைய அனுபவம் மற்றொருவருக்கு எந்த அளவுக்குச் சான்றாகும் என்பதே அது. உண்மையை அறியும் கருவிகளை ‘அளவை’ என வழங்கும் சைவ சித்தாந்தம், அவற்றை மூன்றாக அடக்குகிறது: நேரே அறிவது காட்சி, அறிந்ததைக் கொண்டு அறியாததை உய்த்துணர்வது கருதல், நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை.

1965 முதல் 1980 வரை இங்கிலாந்தின் குரூ நகரில் தயாரான ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ இச்சிக்கலுக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இக்காரின் எடையைக் காயில் ஸ்பிரிங்குகள் தாங்க, சுமை கூடும்போது தாழும் உடற்பகுதியை உரிய உயரத்துக்கு மீட்கும் பணியை, பிரெஞ்சு நிறுவனமான சிட்ரோயனிடம் உரிமம் பெற்று அமைத்த ஹைட்ராலிக் முறை, அழுத்தம் ஏற்றிய திரவத்தின் மூலம் செய்கிறது. இத்தகைய காரைப் பற்றி, ஆட்கள் ஏறியபின் பின்புறம் தாழ்ந்தே நிற்கிறது என்றும், ஓடும்போது வண்டி மிதப்பதுபோல் அசைகிறது என்றும் இரு முறையீடுகள் வருவதாகக் கொள்ளலாம்.

தாம் உணர்ந்தது இன்னது என்பதில் உரிமையாளரின் சொல் நம்பத்தக்க உரையே. ஆனால் ஷாக் அப்சார்பர், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் பாகம், கெட்டுவிட்டது என அவர் சேர்த்துச் சொல்வது, உரையின் வடிவில் வரும் கருதலாகும். அதைச் சோதிக்காமல் ஏற்பது மெக்கானிக்கின் கடமையாகாது.

மெக்கானிக்கின் கருதலும் இச்சோதனைக்கு விலக்கன்று. மணிமேகலையின் 29ஆம் காதை, ஏதுப்போலிகளுள், அதாவது காரணம்போல் தோன்றிக் காரணமாகாதவற்றுள், அநைகாந்திகம் என்ற ஒன்றை விளக்குகிறது. நிறுவ வேண்டிய பொருள் உள்ள இடத்தில் மட்டுமன்றி, அஃது இல்லாத இடத்திலும் காணப்படும் ஏது அதில் அடங்கும். பின்புறத் தாழ்வை ஹைட்ராலிக் கோளாறுக்கு ஏதுவாகக் கொண்டால், தளர்ந்த ஸ்பிரிங்கும் அதே தாழ்வைத் தரக்கூடுமாதலால், அந்த ஏது அநைகாந்திகமாகிவிடும். ஆகவே திரவத்தின் அளவு, அழுத்தம், கசிவு, உயரத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஆகியவற்றை முறையே பார்த்து, அவற்றில் பழுதில்லை எனத் தெளிந்த பின்னரே ஸ்பிரிங்கின்மீது ஐயம் செல்லவேண்டும். பிழையான கருதல் இங்கே தீங்கும் செய்யும்: 1980இல் வந்த சில்வர் ஸ்பிரிட் காரின் ஹைட்ராலிக் முறைக்குரிய கனிம எண்ணெயைச் சில்வர் ஷேடோவில் ஊற்றினால், கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்கள் கெட்டு, இல்லாத பழுதும் உண்டாகிவிடும்.

இரண்டாவது முறையீடு இதைவிட நுட்பமானது. தேய்ந்த ஷாக் அப்சார்பரால் வண்டி மிதக்கலாம். ஆயினும் மென்மையான ஓட்டமே அக்காரின் வடிவமைப்பு நோக்கமாகவும் இருந்தது. முன்பக்க சஸ்பென்ஷன் 1972இல் திருத்தப்பட்டதும், 1977இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஸ்டீயரிங் அமைப்பு மாறியதும், ஓர் ஆண்டின் காரை மற்றோர் ஆண்டின் இலக்கணத்தால் அளக்கலாகாது என்பதை உணர்த்துகின்றன. பாகங்கள் அனைத்தும் உரிய நிலையில் இருந்தும், இறுக்கமான இக்காலக் கார்களுக்குப் பழகிய உரிமையாளர் நிறைவடையவில்லை எனில், குறை காரிலும் இல்லை, அவரிடமும் இல்லை. காருக்கும் அவரது எதிர்பார்ப்புக்கும் இடையிலான உறவில் இருக்கிறது.

அந்நிலையில், குறையே இல்லை என்று சொல்லி அனுப்புவது அவரது காட்சியை மறுப்பதாகும். பழுதற்ற பாகத்தை மாற்றிக் கொடுப்பது அவரது பிழையான கருதலை விலைக்கு உறுதிப்படுத்துவதாகும். அதே ஆண்டில் வந்த, நல்ல நிலையிலுள்ள மற்றொரு காரில் அவரை அமர்த்தி ஓட்டிக் காட்டி, அதன் இயல்பை விளக்கி, அதன் பின்னும் அவர் இறுக்கத்தை விரும்பினால், அது பழுதுநீக்கம் ஆகாது, வடிவமைப்பை மாற்றுவதே ஆகும் என்று தெரிவித்தபின் செய்வதே நேரிய வழி. உண்மையை மறைத்துப் பணம் பெறும் பட்டறை, வாடிக்கையாளர் மனநிறைவோடு திரும்பிச் சென்றாலும், அவரது குறையைத் தீர்த்ததாகாது.