பார்க்காத ஊரின் கரடி

சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 32ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானின் சிற்றூர்களுக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளிடம் ஒரு கேள்வி கேட்டார். பனி மூடிய வடகோடியில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா செம்லியா அந்த வடகோடியில்தான் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? பலர் பதில் சொல்ல மறுத்துவிட்டார்கள். நாங்கள் அங்கே போனதில்லை, போய்ப் பார்த்தவரைக் கேளுங்கள் என்றார்கள். இதே கேள்விக்கு, கொஞ்ச காலமாவது பள்ளிக்குப் போயிருந்த மற்றவர்கள் தயங்காமல் வெள்ளை என்றார்கள்.

படிப்பு மனத்தில் உண்டாக்கும் மாற்றம் என்று லூரியா இதை எடுத்துக்கொண்டார். சரிதான். கண்ணால் காணாத ஒன்றைச் சொல்லை மட்டும் நம்பி மனத்தில் நிறுத்தி, அதிலிருந்து அடுத்த முடிவுக்குப் போகும் திறமை பள்ளிப் படிப்பு வளர்த்த வரம். அது இல்லாமல் கணிதம் இல்லை, சட்டம் இல்லை. ஆனாலும் அந்த விவசாயியின் தயக்கத்தை வெறும் குறையென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தனக்குத் தெரிந்தது எதுவரை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போக உறவினர்களோடு காரில் வந்த 65 வயதுப் பெண்மணி வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊர் கூடி அடித்ததில் இறந்துபோனார். வடமாநிலத்திலிருந்து கடத்தல் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிய நாட்கள் அவை. கடத்துகிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள்; இவர் யாரென்று தெரியவில்லை, பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிறார்; ஆகவே இவர்தான். லூரியாவின் கேள்விக்கு வெள்ளை என்று சொன்னது போன்ற வாத அடுக்குதான் இது, நடுவில் ஓட்டை இருந்தாலும். முதல் வரி உண்மையா என்று கேட்க அந்தக் கூட்டத்தில் யாரும் நிற்கவில்லை. அதே காலத்தில் பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கிப்போகும் வீடியோ ஒன்று நாடு முழுக்கப் பரவியது. கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள்.

அந்த ஜூலையில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தேவையான கட்டுப்பாடுதான். பரவும் வேகத்தை அது குறைக்கும். வந்து சேர்ந்ததை ஒருவர் எப்படிப் படிக்கிறார் என்பதை அது தொடாது. 2022இல் கேரள உயர் நீதிமன்றம், மற்றவர் போடும் பதிவுக்குக் குழுவின் அட்மின் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று தீர்ப்பளித்தபோது, ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும்தான் அன்று அவருக்கிருந்த தனி அதிகாரம் என்றது. எங்கள் குடியிருப்புக் குழுவுக்கு அட்மினாக இருக்கும் எனக்கு அந்த வரி நன்றாகப் புரிந்தது.

கீழ்த்தளத்தில் இருக்கும் ஐயா ஓய்வுபெற்றவர். தினமும் செய்தித்தாளை வரி விடாமல் படிப்பவர். அவர் போட்ட ஒரு வதந்தியை நான் நீக்கியபோது கோபப்படவில்லை. "எது நெசம், எது பொய்னு இனிமே நீங்களே பாத்துச் சொல்லிடுங்க தம்பி" என்றார். அதைக் கேட்டு எனக்குப் பயமாக இருந்தது. நேற்றுவரை ஃபார்வர்டை நம்பியவர் இன்று என்னை நம்புகிறார். நடுவில் அவருடைய யோசனைக்கு இடமே இல்லாமல் போகிறது.

லூரியாவின் பயணத்தைத் திட்டமிட்டதில் பங்குள்ள உளவியலாளர் வைகோட்ஸ்கி, நாம் மனத்துக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு, முதலில் இன்னொருவரோடு வாய்விட்டுப் பேசிய பேச்சுதான் என்றார். 1934இல் வெளிவந்த அவர் நூலில் இது விரிவாக இருக்கிறது. குழந்தைகளைப் பற்றிச் சொன்னது என்றாலும், வயதானவர்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். அதனால் தீர்ப்பு எதுவும் சொல்லாமல், குழுவிலிருந்து நான் நீக்கிய செய்தியை, அது ஐயாவுக்கு முதலில் வந்த சாட்டில் திறந்து, அவர் போனிலேயே வைத்து இருவரும் சத்தமாகப் படித்தோம். 'நமது நகரில்' என்று இருந்தது. எந்த நகரம் என்று கேட்டேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ஊர்ப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. அடுத்த வரியைப் படிக்கும்போது நான் கேட்பதற்கு முன்னே அவரே கேட்டார்: "போலீஸ் எச்சரிக்கைன்னு போட்டிருக்கானே, எந்த ஸ்டேஷன் தம்பி?"

இதற்கு அரை மணி நேரம் ஆனது, ஒருவரோடு. குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். இதைவிடச் சுருக்கமான வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.