வீடு கொடுத்தால் போதுமா?



“ஏழைக்கு வீடு கட்டிக் கொடுத்தாயிற்று, இனிப் பிழைப்பதும் கெடுவதும் அவன் பாடு” என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. இச்சொல் நியாயமானதா என்பதை இவ்வாரம் சற்று நிதானமாய் ஆராய்வோம். காவேரிக் கரையில் வாழும் குமாரபாளையத்தாருக்கு இது வெளியூர் விஷயமன்று. 2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடி தண்ணீர் வந்தபோது, கரையோரக் குடும்பங்கள் வீடு வாசலை விட்டு முகாம்களில் தங்க நேர்ந்தது. வெள்ளம் வருந்தோறும், “இவர்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டால் என்ன?” என்ற பேச்சும் எழுகிறது. அப்படி மாற்றப்பட்டவர்களுக்கு நேர்ந்தது யாது என்பதை அறிந்த பின் பேசுவதே முறை.

சென்னையைப் பாருங்கள். 1970-ல் அங்கே குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பதே அதன் குறிக்கோளாய் அறிவிக்கப்பட்டது. தொடக்க காலத்தில் வாரியம் பெரும்பாலும் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டிற்று. பிற்காலத்தில் நகரத்து நிலம் பொன்விலை விற்கவே, ஏழைகள் நகரின் எல்லைக்கு அனுப்பப்பட்டார்கள். 2000-ஆம் ஆண்டு முதல் துரைப்பாக்கத்தில் எழுந்த கண்ணகி நகர் அத்தகையது. ஏறக்குறைய 15,000 வீடுகள் அங்கே உண்டு. ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் இருந்தவர்களும், 2004 சுனாமியில் வீடிழந்தவர்களில் பலரும் அங்கே குடியேற்றப்பட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப்பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து இன்னும் அநேக குடும்பங்கள் அதற்கும் அப்பாலுள்ள பெரும்பாக்கத்துக்குச் சென்றன.

அவர்களுக்குச் சிமெண்டுக் கூரை கிடைத்தது; மெய்தான். ஆனால் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிய பெண்ணுக்கு அந்த நாலு வீடும் எட்டாத தூரமாயின. சுமை தூக்கியவன் கூலியில் ஒரு பங்கு பஸ் கட்டணத்துக்கே போயிற்று. பிள்ளைகள் பலர் நடு வருஷத்தில் படிப்பை விட்டார்கள். ஆபத்துக்கு ஓடிவரும் அண்டை அயலார் ஆளுக்கொரு மாடியாய்ச் சிதறினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அவப்பெயரும் வந்து சேர்ந்தது. விலாசம் கண்ணகி நகர் என்று சொன்னதும், வேலை கொடுக்க வந்தவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“அங்கே குடியும் கஞ்சாவும் அடிதடியும் இருப்பது பொய்யா?” என்று சிலர் கேட்கலாம். பொய்யன்று. குற்றம் செய்தவன் அதற்குப் பொறுப்பாளி என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் வேலையையும் பள்ளியையும் உறவையும் ஒருங்கே பறிகொடுத்த எந்தக் கூட்டத்திலும் இத்தீமைகள் தலைகாட்டும். அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில், 1950-களில் ஏழைகளுக்கென்று 11 மாடி கொண்ட 33 கட்டிடங்கள் கட்டினார்கள். பராமரிப்புக் குன்றி, பிழைப்பும் குன்றி, அவை பாழடைந்தன. 1972-ல் அரசே அவற்றை வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கிற்று. தேசம் வேறு, மொழி வேறு, பாடம் ஒன்றே. பாவு நூலை நீட்டிக் கட்டிவிட்டால் மட்டும் துணி ஆகாது, ஊடையும் ஓடவேண்டும் என்பது தறி ஓட்டும் உங்களுக்குத் தெரியாததா? சுவர் எழுப்புவது பாவு; பிழைப்பும் படிப்பும் அயலாரின் மதிப்பும் ஊடை.

அப்படியானால் கெட்டுப்போன குடியிருப்பு மறுபடி தழைக்காதா? தழைக்கும். 2020-ஆம் ஆண்டில் ஓவியர்கள் கண்ணகி நகருக்கு வந்து, மாடிச் சுவர்களில் பெரிய பெரிய சித்திரங்கள் தீட்டினார்கள். அதுவரை அஞ்சி ஒதுங்கியவர்கள் அவற்றைப் பார்ப்பதற்கென்றே அங்கே போனார்கள். அது நல்ல காரியமே. எனினும் சுவரின் வர்ணம் மழையில் வெளிறும். அதைவிட ஆழமானது ஒன்றுண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைன் தேசத்தில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில், தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் அந்நகரின் கார்த்திகாவும் ஆடினாள். “கண்ணகி நகர் கார்த்திகா” என்று, ஒளிக்கவேண்டியிருந்த விலாசத்தையே முன்வைத்து நாடு அவளை அழைத்தது. அந்த மண்ணில் திறமை புதிதாய் முளைக்கவில்லை, முன்பே இருந்தது. ஆடுவதற்கு இடமும், கற்றுக்கொடுக்க ஆளும், தளராத உழைப்பும் சேர்ந்தபோது அது வெளிப்பட்டது.

இதிலிருந்து நாம் தெளியவேண்டியது யாதெனில்: ஏழையைக் கேட்காமல் ஏழைக்குச் செய்யும் உதவி பாதி உதவியே. சிறிய சமூகம் தானே செய்துகொள்ளக்கூடியதைப் பெரிய அதிகாரம் பறித்துக்கொள்வது அநீதி என்று பாப்பரசர் 11-ம் பத்திநாதர் 1931-ல் எழுதிய நிருபத்தில் போதித்தார். எங்கே குடியிருப்பது, யார் அருகே இருப்பது, பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது என்பவை ஒரு குடும்பம் தானே தீர்மானிக்கத் தகுந்தவை அல்லவா? அவர்களுடைய யோசனையைக் கேட்பது நாம் காட்டும் தயவன்று, அவர்களுக்குரிய நீதி. நல்ல சமாரியனும் காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்ததோடு கடமை தீர்ந்தது என்று எண்ணவில்லை. திரும்பி வருவதாய்ச் சொல்லிவிட்டே போனான்.

ஆகவே, கரையோரத்தாரை வேறிடம் மாற்றும் பேச்சு நம் ஊரில் எழும்போது, வீடு எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். இராத்திரி ஷிப்ட் முடிந்த பெண் அங்கே நடந்து போய்ச் சேர முடியுமா, விசைத்தறிக் கூடம் எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் உண்டா என்று கேளுங்கள். போகிறவர்களையே முதலில் பேச விடுங்கள். ஏற்கெனவே அப்படிக் குடியேறியவர்கள் உங்கள் பட்டறைக்கு வேலை கேட்டு வந்தால், விலாசத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பாமல், கைத்திறனைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு செய்யவேண்டியது அநேகம் உண்டு. இந்தக் காரியத்தையோ அரசு நமக்காகச் செய்ய முடியாது.