பார்த்த கண்ணுக்கு ஒரு கடன்

ஒரு ஊரே ஒரே ராத்திரியில் கடலுக்குள் போயிருக்கிறது. அதே இடத்தில் நின்றுகொண்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவின மாங்காய்ப் பத்தையை நீங்கள் ரசித்துச் சாப்பிடலாமா?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தனுஷ்கோடிக்குச் சுற்றுலா போகிற ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டுத்தான் திரும்புகிறோம். வாயால் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கொஞ்சம் பழைய கதை. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் சென்னைக்கும் கொழும்புக்கும் நடுவே ஒரு புதுப் பாதை கிடைத்தது. எழும்பூரில் 'போட் மெயில்' ஏறினால் தனுஷ்கோடி. அங்கே இறங்கி நீராவிக் கப்பல். அக்கரையில் தலைமன்னார். மறுபடி ரயில், கொழும்பு. ஊர் பார்க்கப் போன கனவான்களும் போனார்கள். மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக அனுப்பப்பட்டவர்களும் இதே வழியாகத்தான் போனார்கள். கடல் ஒன்றுதான். ஒருவருக்கு அது காட்சி, இன்னொருவருக்கு வயிறு.

இரண்டு பக்கமும் கடல், நடுவே மணல். அந்த மணலில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், மாதா கோயில், பள்ளிக்கூடம் என்று ஒரு குட்டித் துறைமுக நகரம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை அலை அப்படியே வாரிக்கொண்டு போனது. உள்ளே இருந்தவர்கள் நூறு பேருக்கு மேல். ஒருவரும் பிழைக்கவில்லை. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, 1980-களில் இலங்கைப் போரில் அதுவும் நின்றது.

இன்றைக்கு? 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டாயிற்று. ராமேஸ்வரத்தில் காலை தரிசனம், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் தனுஷ்கோடி. வேன் நிற்கிறது. இடிந்த மாதா கோயில் சுவரில் சாய்ந்து ஒரு போட்டோ. "சிரிங்க சார், கொஞ்சம் சிரிங்க!"

இதைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். "இழவு வீட்டில் பிக்னிக்கா?" என்பார்கள். நியாயம் மாதிரித்தான் தோன்றும். ஆனால் இந்த நியாயத்தைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள், உடைந்துவிடும். அந்த மணலில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு மீனவக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. வலையில் மீன் குறைந்த நாளில் சங்கும் பாசிமணியும் விற்றுத்தான் அடுப்பு எரியும். யாரிடம் விற்பார்கள்? சிரித்துக்கொண்டு வருகிற உங்களிடம்தான். நாமெல்லாம் ரொம்பப் பண்பாடாக, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பினால், செத்தவர்களுக்கு மரியாதை செய்ததாகவும் ஆகும், இருக்கிறவர்களைப் பட்டினி போட்டதாகவும் ஆகும். வராமலே இருந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்.

ஆக, சிரிப்பு பாவமில்லை. அப்படியானால் எதுதான் தப்பு?

இதற்கு விடை தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். ராமேஸ்வரத்திலேயே, அக்னி தீர்த்தக் கரையிலேயே இருக்கிறது. விடிகாலையில் போனால் வரிசையாக உட்கார்ந்து தர்ப்பணம் செய்துகொண்டிருப்பார்கள். எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அதே ஆள் ஹோட்டலில் இரண்டாவது செட் பூரிக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். பேரனுக்கு விசில் வாங்கிக் கொடுப்பார். இதை யாரும் குறை சொல்வதில்லை. முன்னோர்கள் மனுஷ மனசைத் தெரிந்தவர்கள். அழுதுகொண்டே இரு என்று சொல்லவில்லை. வரிசையை மட்டும் மாற்றாதே என்றார்கள். முதலில் கடன், அப்புறம் பூரி.

அந்தத் தர்ப்பணத்தில் இன்னொரு விஷயம் உண்டு. அப்பா, தாத்தா, அம்மா வழியினர் என்று எல்லாருக்கும் விட்ட பிறகு, கடைசியாக ஒரு கை தண்ணீர். தாயுமில்லை, தகப்பனுமில்லை, நண்பனுமில்லை, உறவுமில்லை என்று போய்ச் சேர்ந்தவர்களுக்காக அது. நமக்கு யாரென்றே தெரியாதவர்களுக்கு. நீங்கள் எந்த மதமாகவும் இருங்கள், சடங்கில் நம்பிக்கை இல்லாதவராகவும் இருங்கள். அந்தக் கடைசிக் கைத்தண்ணீருக்குப் பின்னால் இருக்கிற எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ராமேஸ்வரத்தில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் இருந்தார்கள், தப்பித்தார்கள் என்பது நமக்குத் தெரியும். ரயிலோடு போனவர்களில் ஒருவர் பேராவது தெரியுமா? அவர்களுக்குத்தான் அந்தத் தண்ணீர்.

செத்தவர்கள் கடன் அது. இருக்கிறவர்கள் கடன்தான் இன்னும் சிக்கல்.

துபாயில் சொகுசுக் கப்பல் ஏறுகிறவர்கள் முதல் நாள் அந்த ஊரைச் சுற்றிப் பார்ப்பார்கள். பாலைவனத்தில் எழும்பி நிற்கிற புர்ஜ் கலீஃபாவை அண்ணாந்து பார்ப்பார்கள். 828 மீட்டர். 2010-ல் திறந்தது. எல்லா விவரமும் கைடு சொல்வார். அந்த மாதிரி நகரங்களில் வெயிலில் சாரத்தின் மேல் நின்றவர்களைப் பற்றி அவர் சொல்லமாட்டார். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத ஊர் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் குறைவு. கட்டடம் தெரிகிறது, கட்டியவர் தெரியவில்லை.

தனுஷ்கோடியில் இதன் மறுபக்கம். இடிபாடு தெரிகிறது, பக்கத்தில் குடியிருப்பவர் தெரியவில்லை. தெரிந்தாலும், அவரையும் இடிபாட்டோடு சேர்த்துப் பார்க்கிறோம். வலை பின்னுகிற கிழவரை, கேட்காமல் கொள்ளாமல் போட்டோ எடுக்கிறோம். உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிற பெண்மணியை வேடிக்கை பார்க்கிறோம். 'வாழத் தகுதியில்லாத' இடத்தில் வாழ்ந்துகாட்டுகிற மனுஷி அவர். உங்கள் வீட்டு ஜன்னல் வழியாக முன்பின் தெரியாத ஒருவர் எட்டிப் பார்த்து, "பாவம், எப்படித்தான் இருக்காங்களோ!" என்று சொல்லிவிட்டு ஒரு கிளிக் செய்துகொண்டு போனால் விடுவீர்களா?

1897 ஜனவரியில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து பாம்பனில் இறங்கிய விவேகானந்தர், ராமேஸ்வரம் கோயிலில் பேசினார். எத்தனையோ மைல் நடந்து சிவனைத் தரிசிக்க வந்தவர்களிடம் அவர் சொன்னதன் சாரம் இது: சிலையில் மட்டும் சிவனைக் காண்பவர் வழிபாடு ஆரம்பப் பாடம்தான், ஏழையிடமும் பலவீனரிடமும் நோயாளியிடமும் காண்பதே உண்மையான வழிபாடு. தரிசனம் என்றாலே பார்ப்பதுதானே? எதைப் பார்ப்பது என்பதைத்தான் அவர் அன்றைக்கு மாற்றச் சொன்னார்.

தப்பு எங்கே என்று இப்போது தெரிகிறது, இல்லையா? மாங்காயில் இல்லை. சிரிப்பில் இல்லை. எதிரில் உயிரோடு நிற்கிற ஒருவரை, உடைந்த சுவரைப் பார்க்கிற அதே கண்ணால் பார்ப்பதில் இருக்கிறது.

அடுத்த லீவுக்குப் போவீர்கள். தாராளமாகப் போங்கள். பிள்ளைகளை அலையில் விளையாட விடுங்கள், அந்த இடத்தில் கடல் மோசம், கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்கு முன்னால், மாதா கோயில் சுவர் பக்கம் இரண்டு நிமிஷம் நின்று, இங்கே என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாசிமணி விற்கிற அம்மாவிடம் விலை பேசுவதற்கு முன்னால், "இன்னிக்கு யாவாரம் எப்படிம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை நில்லுங்கள்.

மாங்காய் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.